கடல் களவெடுத்த கற்கள்

மோசடி விசாரணை உத்தியோகத்தில் ஒரு வசதி உண்டு: நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் உங்களைப் பற்றிய செய்தி உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். கடைத்தெருவில் வாகனம் நின்றதும், சுவாரசியமாக எதையோ கதைத்துக்கொண்டிருந்தவர்கள் மழை வருமா வராதா என்று கதைக்கத் தொடங்குவார்கள். கல்யாண வீட்டில்கூட உங்கள் பக்கத்துக் கதிரை கடைசிவரை காலியாகவே இருக்கும்.

அந்தக் காலிக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து அவதிப்பட்ட, இன்னும் அவதிப்படுகிற சகோதர சகோதரிகளே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும். கொழும்பில் ஓர் அமைச்சின் விசாரணைப் பிரிவுக்குத் தலைவி நான். பிறந்தது கிழக்குக் கரையில், கல்முனையில். என்னைப் பிறந்த கரைக்கே திருப்பி அனுப்பிய ஒரு விசாரணையில் நடந்தவை இவை.

நலன்விரும்பி

ஒலுவிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கரையோர ஊர். பேர் வேண்டாம். கடல் கரையை அரித்து அரித்து வீட்டு வேலிகளுக்குக் கிட்டே வந்துவிட்டது. கல் அணை போட ஒரு முதலாளிக்குக் கொந்தராத்துக் கொடுத்தார்கள். பாதி அணைதான் எழும்பியது. மீதிக் கல் எங்கே என்று கேட்டால், முழுக் கல்லையும் கொண்டுவந்து இறக்கினேன், கொஞ்சத்தைக் கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார் முதலாளி. மிச்சத்தை, வேலையை மேற்பார்வை செய்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ரியாஸ் தன் வீடு கட்டக் கொண்டுபோனார் என்று எங்களுக்கு ஒரு பெட்டிசம், புகார்க் கடிதம், வந்தது. கீழே ‘ஊர் நலன்விரும்பி’ என்று மட்டும் இருந்தது. பெட்டிசம் எழுதுகிறவர்களில் ஊர் நலனை விரும்பாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மீதிக் கல் ஊருக்கு வரவே இல்லை என்பது ரியாஸின் கட்சி. அதனால்தான் வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட மறுத்தாராம். ஆனால் பெட்டிசம் வந்த கையோடு அவரை இடைநிறுத்திவிட்டார்கள். குற்றம் உறுதியானால் வேலையும் போகும், பேரும் போகும். விசாரணை முடியும்வரை அந்தக் கரையில் ஒரு கல்லும் போட முடியாது, மாரியோ தூரத்தில் இல்லை. கோப்பைக் கையில் தரும்போது எங்கள் செயலாளர் சொன்னார்:

“கல்லைக் கண்டுபிடிங்க, மேடம். கடலைக் கைதுசெய்து கூட்டிக்கொண்டு வந்திராதீங்க.”

தேத்தண்ணி

எங்கள் தொழிலில் ஒரு சட்டம். விசாரணை நடக்கும் இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது. சட்டம் நல்ல சட்டம்தான். அதை எழுதியவர்கள் எங்கள் பக்கத்துக்கு வந்ததில்லை, அவ்வளவுதான். முதல் நாள் ஏறிய வீடெல்லாம் தேத்தண்ணி நீட்டினார்கள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எல்லாரும் மழையைப் பற்றிக் கதைத்து என்னை அனுப்பிவைத்தார்கள். கரையோரத்துக் கடைசி வீடு கலீசா ராத்தாவின் வீடு; ஊருக்கே அவர் ராத்தா, அக்கா. அவருடைய பின்வேலி போன மாரியிலேயே கடலோடு போய்விட்டது. அவரும் கோப்பையை நீட்டினார். நான் மறுத்ததும் முகம் சுருங்கி, “தேத்தண்ணி குடிக்காத ஆக்களோட என்னத்தக் கதைக்கிற?” என்று உள்ளே போய்விட்டார்.

அன்று பின்னேரம் கல்முனைச் சந்தையில் ஒரு பெரிய பிளாஸ்க்கும் அரை டசின் கோப்பையும் வாங்கினேன். மறுநாள் இஞ்சி போட்டு ஊற்றிய தேத்தண்ணியோடு அதே வீட்டு வாசலில் போய் இருந்து, நானே ஊற்றி நானே நீட்டினேன். வாங்கிக் குடிக்கத்தானே தடை, கொடுக்கத் தடையில்லையே. கலீசா ராத்தா கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார். பிறகு வாய் திறந்தது. தொடக்கத்தில் லொறி லொறியாகக் கல் வந்ததாம், திடீரென்று லொறியே வரவில்லையாம். இதைக் கையெழுத்து வைத்துச் சொல்வீர்களா என்று கேட்டேன். சொல்லமாட்டார். முதலாளிக்கு ஒரு கரைவலையும் இருந்தது, கரையில் நின்று பல பேர் சேர்ந்து இழுக்கும் மீன்வலை. ராத்தாவின் மாப்பிள்ளையும் ஊரில் பாதிப் பேரும் அந்த வலையை இழுத்துத்தான் அடுப்பு எரிகிறது. ராத்தாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் எழும்பும்போது அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“இஞ்ச பாருகா, எங்கட வாசல்ல வந்திருந்து எங்களுக்கே தேத்தண்ணி ஊத்துற கவர்மேந்த இண்டைக்குத்தான் காணுறன்.”

வீடு யார் பேரில்?

என்னோடு வந்த கணக்காய்வு அதிகாரி நிமல் கொழும்புக்காரர், சிங்களவர். தமிழைப் புத்தகத்தில் படித்துத் தேறியவர். எங்கள் எல்லாரையும் விடச் சுத்தமாகக் கதைப்பார். ஒருநாள் மத்தியானம் முகமெல்லாம் பிரகாசமாக வந்து நின்றார். “மேடம், குற்றவாளி அகப்பட்டுவிட்டார். திருமணத்துக்கு முன் ரியாஸ் அவர்களுக்கு ஒரு சாண் நிலமும் இருக்கவில்லை. திருமணமான அதே வாரம் அவரது மனைவியின் பெயரில் மாடி வீடு.” மனைவி பேரில் சொத்து என்றால் எங்கள் தொழிலில் உடனே மணி அடிக்கும். உங்களுக்கும் அடித்திருக்கும்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது, இருத்தி வைத்து விளக்கினேன். எங்கள் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். முஸ்லிம் வீடானாலும் காரைதீவுப் பக்கத்துத் தமிழர் வீடானாலும் இதுதான் வழக்கம். என் வாப்பா பெண்மக்களுக்கு வீடு கட்டி முடிக்கிறதிலேயே தன் ஆயுளைக் கழித்தார். மனைவி பேரில் வீடு இருப்பது குற்றமென்றால் கல்முனை முழுவதையும் இடைநிறுத்த வேண்டிவரும். நிமல் பாதி நம்பினார். மீதியை நம்பவைக்க ரியாஸின் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். அத்திவாரம் வரை பார்த்தார். வாரத்தைப் பார்த்தவர் வருடத்தைப் பார்க்கவில்லை: அணைக் கொந்தராத்துக்கு எத்தனையோ வருடம் முந்திய வீடு, மாமனார் துணிக்கடை நடத்திக் கட்டிய வீடு. உங்கள் கணவர் இந்த வீட்டுக்கு என்ன கொண்டுவந்தார் என்று நிமல் மரியாதையாகக் கேட்டார். ரியாஸின் மனைவி ரிபாயா யோசிக்கவே இல்லை:

“ரெண்டு சோடி உடுப்பு, சேர். அதுல ஒரு சேட்டு இப்பவும் அலுமாரில கிடக்கு, வேணுமெண்டா அதையும் எழுதிக்கங்க.”

இடைநிறுத்தப்பட்டவர்

ரியாஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத மனிதர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், அதுவும் நிலத்தைப் பார்த்து. பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுகிறவர்கள்கூட இப்போது சலாம் சொல்லத் தயங்குகிறார்களாம். இதையும் ரிபாயாதான் சொன்னார். ரியாஸின் வாயிலிருந்து வரவில்லை.

ஆனால் தினமும் விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் நிற்கிறார் என்று ஊர் சொன்னது. களவெடுத்த இடத்தைப் பார்க்கப் போகிறார் என்று ஒரு பேச்சும் இருந்தது. சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை, அங்கே உங்களுக்கு என்ன அலுவல் என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். கடல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கப் போகிறேன் என்றார். உங்களைத்தான் இடைநிறுத்திவிட்டார்களே என்றேன். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்:

“என்னைத்தானே நிப்பாட்டின, மேடம். கடல ஆரும் நிப்பாட்டல்லியே.”

வலை

கல்லை ரியாஸ் எடுக்கவில்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் கல் வந்ததா, வராமலே விட்டதா? முதலாளி கடலைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார். கடலிடம் வாக்குமூலம் எடுக்க எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவரே ஆள் அனுப்பினார், கடலின் கொடுமையை என் கண்ணால் வந்து பார்க்கட்டுமாம். விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு போனோம். வெள்ளைச் சாரனில் வந்து சிரித்த முகமாக வரவேற்றார். அணை இல்லாத இடத்துக்கு நேர் எதிரே கடலைக் காட்டி, “அந்தா, அந்த இடம்தான். கடல் இழுத்த கல்லெல்லாம் அதுக்குள்ள அடியில கிடக்கு” என்றார். நிமல் எழுதிக்கொண்டார்.

அதே இடத்தில் முதலாளியின் கரைவலை வளைத்துக் கிடந்தது. ரெண்டு பக்கமும் சனம் நின்று கயிற்றை இழுத்தது. இந்த வலையின் அடிப்பக்கம் கடலடியை உரசிக்கொண்டேதான் கரைக்கு வரும். கீழே கல் கிடந்தால் கிழிந்து நாராகிவிடும். கல்லுள்ள இடத்தில் இதை ஒருவரும் வளைக்கமாட்டார்கள், அந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும். வலை மடி நிறையப் பாரை மீனோடு கரையேறியது. முதலாளிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நான் வலையைத் தடவிப் பார்த்து, நல்ல வலை, கிழிசலே காணோம் என்றேன். உண்மையில் நல்ல வலைதான்.

“கிழியிறயா? நாலஞ்சு மாசமா இதே இடத்துலதான் வளைக்கன், மேடம். ஒரு கண் அறுந்தெண்டு காட்டுங்க பாப்பம். அடியெல்லாம் வெறும் மணல், தலாணி மாதிரி மெத்தெண்டு இரிக்கும்” என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. நிமல் பேனாவை எடுத்து, தன் அழகான தமிழில் கேட்டார்: “அவ்விடத்தில் கடலடியில் கற்கள் எவையும் இல்லை என்று தாங்கள் கூறியதாக எழுதிக்கொள்ளலாமா?” முதலாளி வலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். பிறகு என் தோளில் தொங்கிய பிளாஸ்க்கைப் பார்த்தார்:

“முதல்ல ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு எழுதுவமே, மேடம்.”

லொறி வந்த நாள்

முதலாளி தன் வாயாலேயே சொன்னபிறகு ஊருக்குப் பயம் விட்டுப்போனது. ஒருவர் பின் ஒருவராக வந்து வாக்குமூலம் கொடுத்தார்கள். கலீசா ராத்தாதான் முதல் ஆள், மாப்பிள்ளையையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். சுழியோடிகள் இறங்கிப் பார்த்தார்கள், மணலைத் தவிர ஒன்றுமில்லை. வழக்கு நடக்கிறது, அதனால் அதைப் பற்றி நான் அதிகம் எழுதக்கூடாது. பெட்டிசம் எழுதிய நலன்விரும்பி யார் என்று உங்களுக்கே விளங்கியிருக்கும்.

மீதி அணைக்கு வேறொருவரைப் பிடித்தார்கள். மாரிக்கு முன்பே முதல் லொறிக் கல் வந்து இறங்கியது. நான் பார்க்கப் போயிருந்தேன். கடமை என்று ஒன்றுமில்லை, ஆசையில்தான் போனேன். ரியாஸ் வேலைக்குத் திரும்பியிருந்தார். இரண்டாவது லொறியில் பொடிக் கல் அதிகம் என்று அதைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார், சாரதி அவரைத் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினான். பள்ளிவாசலிலிருந்து வந்த இரண்டு பேர் தூரத்திலிருந்தே ரியாஸுக்குச் சலாம் சொன்னார்கள். அவர் நிலத்தைப் பார்க்காமல் நிமிர்ந்து பதில் சலாம் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. உத்தியோகத்தில் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை.

கலீசா ராத்தா ஒரு புதுப் பிளாஸ்க்கோடு வந்து என் பக்கத்தில் நின்றார். “விசாரணை முடிஞ்சா, புள்ள?” என்றார். ஓம், ராத்தா, முடிஞ்சு என்றேன். கோப்பையை நிரப்பி என் கையில் திணித்தார்:

“அப்ப இதக் குடிங்க. இண்டைக்கும் வேணாமெண்டா நாங்க ஊரோட சேந்து ஒங்களுக்கு மேல பெட்டிசம் போடுவம், எங்கட பேரும் வைப்பம்.”

மோசடியைப் பிடிக்க அரசாங்கம் எனக்கு வாகனமும் சாரதியும் ஒரு கட்டுச் சட்டப் புத்தகமும் தந்தது உண்மைதான், ஆனால் பிடித்துத் தந்ததோ சொந்தக் காசில் வாங்கிய ஒரு பிளாஸ்க்கும், தன் வலையைப் பற்றிப் பெருமையடிக்காமல் இருக்க முடியாத ஒரு முதலாளியும்தான்.