பஸ்ஸில் முறுக்கிய ரீல்

பதினைந்து வருஷமாகத் தூண்டில் போடுகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமையானால் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து மாமல்லபுரம் போய்விடுவேன். அங்கே செல்வம், அனுபவமுள்ளவர்களைத் தன் ஃபைபர் படகில் கரையோரமாக மீன் பிடிக்கக் கூட்டிப்போவார்.

அன்றைக்குப் பஸ்ஸில் நல்ல கூட்டம். தூண்டில் முள் ஆடி யார் மேலாவது மாட்டிவிடப் போகிறதே என்று, ரீலில் நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை இறுக முறுக்கிவிட்டேன்.

படகில் ஏறியதும் செல்வம், "அக்கா, பிரேக் எப்டி கீது? ஒரு தபா நூலை இழுத்துப் பாருங்க" என்றார்.

"எனக்கேவா?" என்று சிரித்தேன்.

இரண்டாவது வீச்சிலேயே பெரிய மீன் கவ்வியது. நூல் ஒரு அடிகூடப் போகவில்லை, நான்தான் போனேன். இடுப்பு படகின் விளிம்பில் மோதி, தலை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்வம் பின்னாலிருந்து என் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார்.

"பிரேக்க லூஸ் பண்ணுக்கா!"

தூண்டிலைக் கைவிட மனசு வரவில்லை. பிரேக்கைத் தளர்த்தியதும் ரீல் அலற, மீன் ஓடியது. இருபது நிமிஷ இழுபறிக்குப் பிறகு படகுக்குள் வந்து விழுந்தது, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கொடுவா! திரும்பும்போது கண்டக்டர், "இதுக்கும் ஒரு டிக்கெட் வாங்கும்மா" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

இப்போது படகில் கால் வைத்ததும், செல்வம் வாயைத் திறப்பதற்கு முன்பே நூலை இழுத்துப் பார்க்கிறேன். ரீல் சத்தம் போட்டு நூலை விட்ட பிறகுதான் என் பதினைந்து வருஷப் பெருமையை அளக்க ஆரம்பிக்கிறேன்.

- மல்லிகா, செங்கல்பட்டு