மஞ்சள் கோடு போட்ட ஹெல்மெட்

இப்போது எங்கள் பேரணிக்கு முன்னால் போலீஸ் ஜீப் போகிறது. பலூன் விற்கிறவன் வருகிறான். ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் தோள்மேல் கைபோட்டு நடக்க, மாடிகளிலிருந்து ஜனங்கள் கையசைக்கிறார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டே, இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று என்னைக் கேட்பார்கள். முன்வரிசையில் நடக்கிற ஸ்பேனர் அக்காவைக் காட்டுவேன். அக்கா சிரித்தால் மேல்வரிசையில் இரண்டு பல் இருக்காது. வரலாறு அங்கேதான் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள் என்பேன்.

அக்காவுக்கு பஸ் டெப்போவின் பின்னால் டூவீலர் ஒர்க்‌ஷாப். அப்பா போன பிறகு கடையை அவள்தான் பிடித்து நிறுத்தினாள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, ஓட்டுகிறவனின் பரம்பரையையே திட்டத் தொடங்கிவிடுவாள். நான் வேன் ஓட்டுகிறவன். எனக்கும் பெண் கொடுக்க வந்தவர்களை விரட்டியே பாதி வயசு போனது. அதனால்தான் பேரணிக்கு ஸ்பீக்கர் ஏற்ற வேன் வேண்டும் என்றதும் வாடகை பேசாமல் கிளம்பினேன்.

முதல் வருஷம் ஒரு கைப்பிடி ஆட்கள்கூட இல்லை. அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு டெப்போ முனை வரைக்கும்தான் போனோம். முதலில் சோடா பாட்டில் வந்தது, பிறகு கல். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்குக் காது கிழிந்து தொங்கியது. அவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு, 'விழுந்துடுமா, விழுந்துடுமா' என்று கேட்டுக்கொண்டே வந்தார். போகும்போது ஸ்பீக்கர் ஏற்றிய வேன் வரும்போது ஆள் ஏற்றி வந்தது. எவ்வளவு சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாலும் சீட்டுக்கறை போகவில்லை. சவாரிக்கு வருகிறவர்கள் பெயிண்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் ஆமாம் என்பேன்.

அடுத்த வருஷம்தான் ஹெல்மெட் வந்தது. புதுசு வாங்குகிறவர்கள் பழசை விட்டுப்போவதால் ஒர்க்‌ஷாப் மூலையில் ஹெல்மெட் மலைபோலக் கிடக்கும். அக்கா ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தாள். "கல்லுக்கு மூளை இல்ல. நமக்கு இருக்கு. மூடிக்கிட்டு நடங்க" என்றாள். தலை தப்பியது மட்டுமல்ல, முகமும் தப்பியது. பேங்க் குமாஸ்தா, பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறவர், காலேஜ் பெண்கள் என்று முகம் காட்ட முடியாதவர்களெல்லாம் தைரியமாக வந்தார்கள். வருஷத்துக்கு வருஷம் கூட்டம் பெருத்தது. ஊரே அதை ஹெல்மெட் ஊர்வலம் என்றது.

அந்த ஹெல்மெட்டால் அக்காவுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. கல்லெறிகிற கும்பலுக்குத் தலைவன் அவளுடைய சொந்தத் தம்பி. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன், கழுத்தும் தோளும் ஒன்றாகச் சேர்ந்துபோன உடம்பு. தெரு மானத்தைக் காப்பாற்றுகிற குத்தகையை அவனுக்கு யார் கொடுத்தார்களோ தெரியாது. முகம் மூடியிருந்ததால் எதிரில் நிற்பது அக்கா என்று தெரியாததுபோல் அவனும் இருந்துகொள்வான். பேரணி அன்று சாயங்காலம் அக்கா முழங்கை வீங்கி வீட்டுக்குப் போவாள், வழுக்கி விழுந்துவிட்டேன் என்பாள். எறிந்து எறிந்து தோள் பிசகி அவனும் வருவான், மூட்டை தூக்கினேன் என்பான். அம்மா அலமாரியிலிருந்து பச்சை மருந்து டப்பாவை எடுத்து, ஒரு கையால் மகளுக்கும் மறு கையால் மகனுக்கும் தடவுவாள். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். அந்த வீட்டில் மூன்று பூனைகள்.

அக்காவின் உயிர் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே மாடியறையில் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். அம்மாவுக்கு அவள் 'மாடி வீட்டுப் பொண்ணு', அதற்குமேல் ஒன்றும் கிடையாது. எந்த டாக்டருக்கும் சிக்காத நரம்பு நர்ஸின் ஊசிக்குச் சிக்கும். பேரணி நாளில் அவள் கேட்டு வாங்கி டியூட்டி பார்ப்பாள். நீங்கள் கிழித்துக்கொண்டு வாருங்கள், நான் தைக்கிறேன் என்பாள். நான் கொண்டுபோய்க் கொட்டிய தலைகளை எல்லாம் தைத்தவள் அவள்தான்.

பிறகு ஒரு வருஷம் கல்லெறிகிறவர்களும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்தார்கள். டெப்போ முனையில் எங்களுக்குள் கலந்துவிட்டார்கள். யார் எவர் என்று தெரியாமல் சங்கிலியும் கம்பியும் சுழன்றன. "கோட்டைப் பாருங்க! கோடு இல்லாதவன அடிங்க!" என்று அக்கா கத்தினாள். அவள் கையில் வீல் ஸ்பேனர். எனக்கு முன்னால் ஒருவனின் முழங்கால் பின்பக்கமாக மடிந்தது. இன்னொருவன் வாயில் ரத்தத்தோடு தவழ்ந்து என் வேனுக்கு அடியில் போனான்.

அப்போது வாத்தியார் தரையில் கிடந்தார். அவர்மேல் ஒரு ஆள் குனிந்து அழுத்திக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டின் பின்பக்கம் கோடு இல்லை. அக்கா ஓடிப்போய் ஓங்கி ஒன்று போட்டாள். அந்த ஆள் வலது கையைத் தலைக்குக் கொடுக்க, இரண்டாவது அடி மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. ஹெல்மெட் கழன்று உருண்டது. நர்ஸ்.

அவள் அன்று டியூட்டியை மாற்றிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தாள். ஒரு வருஷமாவது கூட நடக்கவேண்டும் என்று ஆசை. ஆஸ்பத்திரிக் காவலாளியிடம் இரவல் வாங்கிய ஹெல்மெட். வாத்தியாரின் தொடையில் ரத்தம் பீறிட்டதைப் பார்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேனில் ஏற்றிய பிறகும், உடைந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, எங்கே அழுத்தவேண்டும் என்று கூட ஏறியவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். வாத்தியார் பிழைத்தார். அக்கா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் வாந்தி எடுத்தாள்.

கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டு திரும்பவில்லை. ஊசி பிடித்த கையை மருந்து கவுண்டரில் மாத்திரை எடுத்துக்கொடுக்க உட்காரவைத்தார்கள். அக்காமேல் அவளுக்குக் கோபம் இருந்ததா என்று ஒருநாள் கேட்டேன். இல்லாமல் இருக்குமா, நான் என்ன கல்லா என்றாள்.

அடுத்த பேரணிக்கு ஒர்க்‌ஷாப்பில் கூடிப் பேசினோம். முன்பக்கமும் கோடு போடலாம் என்றார்கள் சிலர். இத்தோடு நிறுத்தலாம் என்றார்கள் சிலர். நர்ஸ் அக்காவை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"என் முகம் தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பியா?"

அக்கா தலையாட்டினாள், இல்லை என்று.

"அப்ப கழட்டிடு. உன் முகமும் அவனுக்குத் தெரியட்டும்."

அவன் என்று யாரைச் சொன்னாள் என்பது எல்லோருக்கும் தெரியும். கழற்றினால் அந்த வீட்டின் பொய் போய்விடும். பொய் போனால் அம்மா போகலாம், கூரை போகலாம்.  பேரணிக்கு முந்தின நாள் அக்கா ஹெல்மெட் குவியல் மொத்தத்தையும் பழைய சாமான்காரனின் வண்டியில் தூக்கிப் போட்டாள்.

அன்று பாதிப் பேர் வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அக்கா எண்ணெய் தேய்த்து வாரிய வெறுந்தலையோடு முன்னால் நடந்தாள். கையில் ஸ்பேனர் இல்லை. பக்கத்தில் நர்ஸ். டெப்போ முனையில் கம்பியோடு கும்பல் நின்றது. முன்னால் நின்றவனின் ஹெல்மெட்டில் சிவப்பு வார். போன மாதம் அக்காவே ஒர்க்‌ஷாப்பில் மாற்றிக்கொடுத்த வார் அது. அவள் நேராக அவன் எதிரில் போய் நின்றாள்.

"தம்பி, கழட்டிட்டு அடி. சாயங்காலம் யாருக்கு மருந்து போடறோம்னு அம்மாவுக்குத் தெரியட்டும்."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவன் சதை ஆடவில்லை. கழற்றாமலே அடித்தான். கம்பி அவள் வாயில் விழுந்தது. குப்புற விழுந்தவள் கையூன்றி எழுந்து, இரண்டு பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அவனைத் தாண்டி நடந்தாள். அவன் ஆட்களில் ஒருவன் கம்பியைக் கீழே போட்டுவிட்டு, "சொந்த அக்காவாடா?" என்று கேட்டான். அதற்குமேல் யாரும் எறியவில்லை. பேரணி முதல்முறையாக முடியவேண்டிய இடத்தில் முடிந்தது.

அக்காவையும் நர்ஸையும் நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தம்பி ஏற்கெனவே கூடத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா மகளின் வாயைப் பார்த்தாள். விழுந்துவிட்டேன் என்று இந்தமுறை அவள் சொல்லவில்லை. அம்மா டப்பாவை எடுத்துவந்து அவளுக்குத் தடவினாள். பிறகு வாசலிலேயே நின்ற நர்ஸை உள்ளே கூப்பிட்டு, "கையக் குடும்மா" என்றாள். கோணிப்போன அந்த மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

"இதுவும் இவன் பண்ணதா?"

"இல்லம்மா" என்றாள் அக்கா, கிழிந்த உதட்டோடு. "அது நான்."

அம்மா அந்த மணிக்கட்டில் மருந்தைத் தடவினாள். "பெத்த ரெண்டும் அடிக்கிற கை" என்றாள். "நீயாவது ஒத்துக்கிட்ட."

தம்பி சட்டையைத் தோளிலிருந்து இறக்கிக் காட்டி, மூட்டை தூக்கினதில் வலிக்கிறது என்றான். அம்மா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே டப்பாவை மூடினாள்.