கரண்ட் போனபோது கேட்காத காது

எங்கள் தறிப்பட்டறையில் யாரும் வாயால் பேசுவதில்லை. விசைத்தறி ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். இரண்டு விரலைக் கத்திரிபோல் ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். முஷ்டியைத் தூக்கினால் தறியை நிறுத்து. அதனால் என் இடது காது அடைத்துக்கொண்டது எனக்கே தெரியாமல் போயிற்று. எங்கள் ஊர் ஜலகண்டாபுரத்தில் கரண்ட் போய்த் தறிகள் நின்ற ஒரு மத்தியானம்தான் குட்டு உடைந்தது.

"ஏனுங்க, வாய்க்குள்ளயே முனகறீங்க? பல்லு வலியா?" என்று என் வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுந்தேன்.

"நான் நல்லாத்தான் பேசறேன் புள்ள. உனக்குத்தான் கேக்கல."

தறி ஓட்டுகிறவள் காது இப்படித்தான் இருக்கும் என்று உதறிவிட்டேன். மூக்குக்குப் பின்னாலிருந்து தொண்டைக்குள் ஓயாமல் வழிந்த நாற்றச் சளியையும் பஞ்சுத் தூசி என்றே நினைத்தேன். அவர் விடவில்லை. சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் காதைப் பார்த்தார். "உள்ள தண்ணி கோத்திருக்கும்மா. இது தறிச் சத்தத்தால வர்றதில்ல. பெரியவங்களுக்கு ஒரு காதுல மட்டும் இப்படின்னா, மூக்குக்குப் பின்னாடி பாக்காம விடக் கூடாது." கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டார். கண்ணில் நீர் கொட்டியது. அண்ணத்துக்கு மேலே, பின்சுவரில் ஒரு வீக்கம். ஸ்கேனும் எடுத்தார்கள்.

"நீர்க்கட்டி மாதிரிதான் தெரியுது. திறந்து வடிச்சுட்டு, சதையைச் சோதனைக்கு அனுப்புவோம். அப்பறம்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

அந்த 'மாதிரி' என்ற சொல்லையே வீடு வரும்வரை உருட்டிக்கொண்டு வந்தேன். என் அக்காவை வாரிக்கொண்டு போனதும் ஒரு கட்டிதான். மகள் இன்னும் பிளஸ் டூ முடிக்கவில்லை. சோறு இறங்கவில்லை எனக்கு.

மயக்க மருந்து கொடுத்து, முகத்தில் கத்தி படாமல், மூக்கு வழியாகவே கட்டியின் மேல்தோலை வெட்டியெடுத்துத் திறந்துவிட்டார்கள். நாற்றம் நின்றது. காதும் மெல்ல மெல்லத் திறந்தது. ஆனால் சோதனை முடிவு வரவில்லையே! அதற்குள் என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது?

முடிவு வாங்க அவர் சேலத்துக்குப் போன அன்று வீட்டில் உட்காரப் பிடிக்காமல் எல்லாத் தறிகளையும் ஓடவிட்டேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது. முடிச்சுப் போடுவதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன். பட்டறை வாசலில் அவர் வந்து நின்றார். கையில் ஒரு கவர். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். முஷ்டியைத் தூக்கினார்.

நிறுத்து.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். தறிகள் அடங்கின. அவர் என் இடது பக்கமாக வந்து குனிந்தார்.

"வெறும் நீர்க்கட்டிதானாம் புள்ள. கேன்சரெல்லாம் இல்லியாம்."

"பாவி மனுசா! எனக்கு உசுரே போயிருச்சு. அங்கிருந்தே கையில காட்டித் தொலைக்கறதுக்கென்ன?" அழுதுகொண்டே அவர் மார்பில் குத்தினேன்.

"இதுக்கேது நம்மகிட்டச் சாடை?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இடது காதிலேயே கேட்டது.