கவுன்சிலர் அண்ணனும் எங்கள் வரிசை அடுப்புகளும்

மந்தைவெளி மார்க்கெட்டில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. கொண்டு வந்தவள் அஞ்சலை, எனக்கு அடுத்த வீட்டுக்காரி.

"யக்கா, உன் அண்ணன் பூட்டாரு."

"எந்த அண்ணன்?"

"இன்னா, எத்தினி அண்ணன் கீறாங்க உனக்கு? கவுன்சிலர்தான். காலைல காபி குடிச்சிக்கினு இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாராம். அழுவியா, மாட்டியா?"

"அருவாமனை முன்னால குந்திக்கினு கீறேன். அப்பால கேளு."

கவுன்சிலர் தணிகாசலம் அண்ணனைப் பற்றி நினைவு மலருக்கு எழுதித் தரும்படி படிப்பகத்தார் கேட்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். சுற்றி வளைத்து எழுத வராது. அவர் ஊருக்குச் செய்ததையும் எழுதுகிறேன், எங்களுக்குச் செய்ததையும் எழுதுகிறேன். போடுவதானால் இரண்டையும் போடுங்கள்.

மயிலாப்பூரில் கால்வாய்க் கரையில் எங்கள் குடிசைகள் இரண்டு வரிசையாக இருந்தன. நடுவில் சாக்கடை. அந்தப் பக்கம் எதிர் வரிசை, இந்தப் பக்கம் நாங்கள் நாற்பது குடிசை. அவர் கவுன்சிலராவதற்கு முன் ஒரு குடம் தண்ணீருக்கு மூன்று தெரு தாண்டிப் போய், யார் வீட்டு வாசலிலாவது கெஞ்சி நிற்போம். அவர் ஜெயித்த கையோடு எங்களில் பத்துப் பெண்களைக் காலிக் குடத்தோடு கூட்டிப்போய் இஞ்சினீயர் அறை வாசலில் உட்காரவைத்தார். தானும் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பியூன் ஓடி வந்து, "சார், நீங்க உள்ள வந்து சேர்ல ஒக்காருங்க" என்றான். "கொடம் எங்க ஒக்காருதோ, அங்கதான் நானும்" என்றார். சாயங்காலத்துக்குள் குழாய்க்கு உத்தரவு வந்தது. திரும்பி வரும்போது சொன்னார்: "மனு குடுத்தா குழாய் வராது கன்னிம்மா. குடுத்துட்டு எழுந்திரிக்காம இருந்தாத்தான் வரும்." கன்னியம்மா என்ற என் பெயரை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

கால்வாய் பொங்கிய மழையில் அஞ்சலையின் மாமியாரை முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். கிழவிக்குக் கண் தெரியாது. சுமப்பது யார் என்று அறியாமல், "குலுக்காத போடா, சோம்பேறி. துன்றதுக்கு மட்டும் வந்துடுவ" என்று வழி நெடுகத் திட்டினாள். இடுப்பளவுத் தண்ணீரில் அவர், "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு உழைக்காமல் இருக்க முடியுமா? மீன்கூடையைத் தலையில் வைத்தபடியே ஓட்டுக் கேட்டேன். நாற்பது குடிசையும் நான் சொன்ன இடத்தில் முத்திரை குத்தின.

பிறகு, குடிசைகளை எடுத்துவிட்டு அதே இடத்தில் மாடி வீடு கட்டித் தருவதாகச் சர்க்கார் சொன்னது. ஒரு குடிசைக்குள் எத்தனை குடும்பம் என்று தெரிந்துகொள்ள அடுப்பை எண்ணுவார்களாம். தனி அடுப்பில் பொங்கினால் தனிக் குடும்பம். ஒரு அடுப்புக்கு ஒரு வீடு. என் குடிசையில் நான், மகள் ராணி, மருமகன், அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர். எல்லாருக்கும் ஒரே அடுப்பில்தான் சோறு. பின்பக்கம் மூன்று கல் வைத்து ராணிக்குத் தனியாக ஒன்று மூட்டிவிடலாம் என்றிருந்தேன். அஞ்சலை அதற்குள் மண் குழைத்து, புதிதாகக் கல்யாணமான மகனுக்கு ஒரு அடுப்பே போட்டுவிட்டாள்.

அந்த வாரம் அண்ணன் வந்தார்.

"இன்னா கன்னிம்மா, ஊரே அடுப்பு போடுது?"

"ராணிக்கும் ஒண்ணு வெக்கலாம்னு கீறேண்ணே."

"வாணாம். ஈர அடுப்பைப் பாத்தா ஆபீசருக்கு சந்தேகம் வரும். மொத்த வரிசையும் லிஸ்ட்ல இருந்து எகிறிடும். வூட்டுக்கு ஒரு அடுப்புன்னு நீ போய் சொல்லு, உன் பேச்சைத்தான் கேப்பாங்க. ராணிக்கு நான் கீறேன்ல?"

நாற்பது வாசலிலும் போய்ச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் இரண்டாவது அடுப்பை எடுத்தார்கள். அஞ்சலை மட்டும் மசியவில்லை. "உன் அண்ணன் சொன்னா உன் அடுப்பை இடி. என் புள்ள அடுப்பு மேல கை வெக்காத" என்றாள். நான் கை வைக்கவில்லை. காலால் உதைத்தேன். மண் காயாத அடுப்பு, ஒரே உதையில் உட்கார்ந்துவிட்டது.

எண்ண வந்த நாள் காலையில் எதிர் வரிசை முழுக்கப் புகை. வாசலில் அடுப்பு, பின்பக்கம் அடுப்பு. கோழிக் கூண்டை ஒட்டிக்கூட ஒரு பானை கொதித்தது. எட்டிப் பார்த்தேன், வெறும் தண்ணீர். ஆபீசர்களுக்கு முன்னால் அண்ணன் நடந்துபோய், "இது பெரியவன் குடும்பம் சார், இது சின்னவன் குடும்பம்" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே நின்ற ஒருத்தியைப் பிடித்து, "உங்களுக்கு யாருடி சொன்னது?" என்று கேட்டேன்.

"கவுன்சிலர்தான் ஒரு வாரமா சொல்லிக்கினு கீறாரு. ஏன், உங்களாண்ட சொல்லலையா?"

ஓடி வந்து ராணிக்கு அடுப்பு மூட்டக் கல்லைப் புரட்டினேன். விறகு பற்றுவதற்குள் என் வாசலில் சாக்கட்டியால் ஒன்று என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அண்ணன் எங்கள் வரிசைக்குள் வரவில்லை. தெருமுனையில் நின்றபடி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எதிர் வரிசையில் ஒரு குடிசைக்கு இரண்டு வீடு, மூன்று வீடு கிடைத்தது. எங்களுக்கு ஆளுக்கு ஒன்று. குடிசை என்றால் பின்பக்கம் ஓலையை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். மாடியில் சுவரை இழுக்க முடியுமா? ஒரே அறைக்குள் ஒரு வருஷம் ஒருத்தர் மேல் ஒருத்தர் படுத்துப் பார்த்தோம். அதற்கு மேல் மருமகன் பொறுக்கவில்லை. ராணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எண்ணூர் பக்கம் போய்விட்டான். தினம் என் மடியில் தூங்கின பேரப்பிள்ளைகளைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் பார்க்கிறேன். அஞ்சலையின் மகனும் மருமகளும் வியாசர்பாடிக்குப் போனார்கள். அஞ்சலை ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. அவள்மேல் தப்பு சொல்லமாட்டேன்.

ராணி போன மறுநாள் கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே கேட்டேன்.

"கவுன்சிலரே, அவங்களாண்ட ஒண்ணு, எங்களாண்ட ஒண்ணு, ஏன் மாத்தி சொன்ன?"

அண்ணே என்று கூப்பிடாதது அவருக்கு உறைத்தது. ஆனாலும் பொய் சொல்லவில்லை.

"கட்டறதே இத்தினி வூடுதான் கன்னிம்மா. ரெண்டு வரிசையும் அடுப்பு போட்டா பத்தாது. போன தபா அவங்க எனக்கு ஓட்டுப் போடல, அவங்கள இழுக்கணும். நீங்க எங்க போயிடப் போறீங்க?"

"நாங்க போவல. என் பொண்ணு பூட்டா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் அவர் நல்லது செய்வதை நிறுத்தவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சர்க்கார் கவுன்சிலைக் கலைத்து, அவர் பதவி போன பின்னும் விடிந்தால் தெருவில்தான் இருப்பார். மாடிப்படியில் நான் விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது ரிக்‌ஷா கொண்டுவந்து, தானே தூக்கி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் அவர் பேசினார், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் மெதுவாகக் கேட்டார்:

"கோவம் இன்னும் போவலையா?"

"போவறதுக்கு அதுக்கு வேற வூடு குடுத்தியா?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலும்புக்குக் கட்டுப் போட்டு முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

அடக்கத்துக்கு அஞ்சலைதான் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். எதிர் வரிசைக்காரர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் ஒரு மாலை போட்டேன். அது குழாய்க்கும், மழையில் ஒரு கிழவியைச் சுமந்த முதுகுக்கும் போட்ட மாலை. ராணிக்குச் செய்ததை நான் மன்னிக்கவில்லை. அவர் பிணத்தின் முன்னாலும் மன்னிக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்விதான். இப்போதும் கட்சிக்காரரோ ஆபீசரோ வந்து, "நீங்க சொன்னாத்தாம்மா கேப்பாங்க, நாலு வூட்டுல சொல்லுங்க" என்பார்கள். "பக்கத்து பிளாக்ல இன்னா சொல்லிட்டு வர்ற?" என்று கேட்பேன். நானே அங்கே போய் விசாரித்துவிட்டு வரும்வரை ஒரு கதவையும் தட்டமாட்டேன். தணிகாசலம் அண்ணனே எழுந்து வந்து கேட்டாலும் அப்படித்தான்.