பிச்சிப்பூக் கம்பெனி வேலை

வெள்ளத்தாய்க்கு இருபத்தாறு வயதில் புருஷன் போனான். ராஜபாளையம் மில்லுக்கு சைக்கிளில் போனவனை லாரி அடித்தது. அது 1987. அதற்குப் பிறகும் மம்சாபுரத்தில் மாமியார் செல்லக்கனி வீட்டிலேயே இருந்தாள். கொழுந்தன் தவசிமுத்துவும் அவன் பெண்டாட்டி ரத்தினமும் இரண்டு பிள்ளைகளோடு அதே வீட்டில்தான் இருந்தார்கள்.

மறுவருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில், சென்ட்டுக்காகப் பூவிலிருந்து சத்து எடுக்கும் கம்பெனி ஒன்று வந்தது. வெள்ளத்தாய் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். விடியுமுன் பறித்த பிச்சிப்பூ காலை ஏழு மணிக்குச் சாக்கில் வந்து இறங்கும். நனைந்ததையும் கறுத்ததையும் கழித்துவிட்டு, மீதியைத் தட்டுகளில் பரப்பிப் பெரிய தொட்டிக்குள் அடுக்க வேண்டும். பெட்ரோல் மாதிரி ஒன்றை ஊற்றி வாசத்தைப் பிரித்தெடுப்பார்கள். மெழுகாக இறுகும் அந்தச் சத்து டப்பாவில் அடைபட்டு பம்பாய்க்குப் போகும். அழுகிய பூவை விரல் பட்டதுமே வெள்ளத்தாய் தள்ளிவிடுவாள். புருஷன் செத்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

ஆனால் அந்த வாசம் சோப்புக்கும் சீயக்காய்க்கும் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஆட்கள் திரும்பி அவள் கொண்டையைப் பார்த்தார்கள். பூ இல்லை என்றதும் நெற்றியைப் பார்த்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவசிமுத்து, அவள் காதில் விழும்படியே தாயிடம் சொன்னான்: “டீக்கடையில என்ன பேசுதானுவ தெரியுமா? ஒங்க மதினி தலையில வைக்காத பூவ எங்க வச்சிருக்கான்னு கேக்கானுவ. நான் எப்படி வெளிய தலகாட்ட?”

செல்லக்கனி இவளிடம் வந்தாள். “வேண்டாம்ட்டி. தாலி அறுத்தவ ஒடம்புல பூ மணந்தா ஊரு சும்மா இருக்குமா?”

“வேலதான செய்யுதேன், அத்த.”

“அது ஊருக்குத் தெரியுமா?”

மூன்று நாள் வீட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் வேலையை விட்டாள். ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணித் தறிக்கு நூல் சுற்றப் போனாள். கூலி பாதிதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், ரத்தினம் பிச்சிப்பூ மணக்க வீட்டுக்குள் வந்தாள். வெள்ளத்தாயின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “ஒன் எடம் காலியா கெடந்துச்சுக்கா. அவியதான் கேட்டு வாங்கிக் குடுத்தாவ.”

வெள்ளத்தாய் மாமியாரைப் பார்த்தாள்.

“அவ தாலியோட இருக்கவ. மணந்தா மணந்துட்டுப் போகுது” என்றாள் செல்லக்கனி.

மறுநாள் வெள்ளத்தாய் கம்பெனி சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். அவர் சங்கடப்பட்டார். “வீட்டுக்கு ஒரு ஆளுதாம்மா எடுப்போம். நீ வேலைய விட்டு நிக்கதுக்கு முந்தின வாரமே ஒன் கொழுந்தன் வந்து, சம்சாரத்துக்குன்னு சொல்லி வச்சிட்டுப் போயிட்டாரே!”

அன்றைக்கே ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு அறைக்கு வாடகைக்குப் போனாள். தடுக்க யாரும் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து செல்லக்கனி தேடி வந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது. “ரத்தினம் வேலைக்குப் போயிருதா. பிள்ளையளப் பாக்க எனக்கு ஏலல. நீ வந்து இருந்தா என்னட்டி?”

வெள்ளத்தாய் காபி போட்டுக் கொடுத்தாள். மாமியார் குடித்து முடித்தாள். பிறகு டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள்.

“ஆறு மணி பஸ்ஸ விட்டுராதிய, அத்த” என்றாள்.