இப்படிக்கு, நிர்வாகம்

அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் படிகளைப் பதினெட்டு வருஷமாகக் கூட்டித் துடைப்பவளுக்குப் படிக்கட்டு அக்கா என்றுதான் பெயர். படிப்பு எட்டாவதோடு நின்றாலும் எழுத்து முத்துமுத்தாக இருக்கும். கூட்டும்போது கண்ணில் படும் அறிவிப்புகளை விடாமல் வாசித்தே எழுதப் பழகியவள்.

முதன்முதலில் அவள் ஒட்டியது இதுதான்: "படியில் குப்பை போடாதீர்கள். இப்படிக்கு, படி கூட்டுபவர்." மறுநாள் அதன் கீழே யாரோ "உத்தரவு, மகாராணி" என்று எழுதியிருந்தார்கள். குப்பை இரண்டு மடங்கானது. அக்கா கோபப்படவில்லை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாலு முறை எழுதிப் பார்த்தாள். கடைசியில் வரியைத் தொடாமல், கீழே இருந்த பெயரை மட்டும் மாற்றினாள்: "இப்படிக்கு, நிர்வாகம்."

ஒரே வாரத்தில் படி பளிச்சென்று ஆனது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டடத்துக்கு நிர்வாகமே கிடையாது. சொந்தக்காரர்களான அண்ணனும் தம்பியும் கோர்ட்டில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். இருந்தாலும் அன்று முதல் சைக்கிளை எங்கே நிறுத்துவது, துணியை எங்கே காயப்போடுவது எல்லாம் நிர்வாகம் சொன்னபடிதான்.

ஒரு நாள் காலை இரண்டாம் மாடித் திருப்பத்தில் புது அறிவிப்பு: "இங்கே நாற்காலி போடக் கூடாது. இப்படிக்கு, நிர்வாகம்." அக்காவின் நாற்காலி தெருவில் கிடந்தது. தேய்ந்த முட்டியோடு அதில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தால்தான் அவளால் மேலே ஏற முடியும். ஏற முடியாவிட்டால் வேலை போய்விடும்.

எழுதிய ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. நாற்காலி இருந்த இடத்தில் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க்கின் பூந்தொட்டிகள் சட்டமாக உட்கார்ந்திருந்தன. அவர் கதவைத் தட்டினாள்.

"இது நிர்வாகம் எழுதினது இல்ல சார்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நிர்வாகமே நான்தான் சார்."

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார் அவர். "முப்பது வருஷம் நிர்வாகத்துக்குக் கீழ வேலை பாத்தவன்மா. அது மூச்சு விட்டாக்கூட எனக்குத் தெரியும். கையில விளக்குமாத்தோட ஒரு நிர்வாகம் வந்து நிக்குமா?"

அக்கா இறங்கிப் போனாள். இந்த முறை ஆறு காலண்டர் தாள் ஆனது.

மறுநாள் சுவரில் தொங்கியது: "நிர்வாகத்தின் பெயரில் வேறொருவர் எழுதியிருப்பது கவனத்துக்கு வந்துள்ளது. அவர் யார் என்பதும் தெரியும். நாற்காலி பழைய இடத்திலேயே இருக்கும். இப்படிக்கு, நிர்வாகம்."

வாளியோடு அவள் மேலே வந்தபோது ஹெட்கிளார்க் வேர்த்து விறுவிறுத்துத் தொட்டிகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். நாற்காலி திரும்பியிருந்தது. யாரோ அதைத் துடைத்தும் வைத்திருந்தார்கள்.

"பாத்தியா, இதுதாம்மா நிர்வாகத்தோட தோரணை!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து நீ உளறினதை வேற யார்கிட்டயும் உளறி வைக்காதே. அவங்க காதுல விழுந்தா உன் வேலைக்கே உலை."

"சரிங்க சார்."

"தொட்டி வைக்க அனுமதி கேட்டு ஒரு மனு எழுதலாம்னு இருக்கேன். யார்கிட்டக் கொடுக்கறதுன்னுதான் தெரியல."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டாள்.

"எங்கிட்டக் குடுங்க சார், சேத்துடறேன்."