வாசலில் இரண்டு சோடி

மழையில் நனைந்த இறப்பர்ச் செருப்புகளை ஓரிடத்தில் குவித்தால் ஒரு மணம் வரும், பழைய சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கும்போது வருவதுபோல. கோலாலம்பூர் என்றதும் மற்றவர்களுக்கு உயரமான கட்டடங்கள் நினைவுக்கு வரலாம். எனக்கு அந்த மணந்தான் வருகிறது. ஒன்பது வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு ரொறன்ரோவுக்கு வந்து சேர்வதற்கு இடையில், அம்மாவும் நானும் அந்த நகரத்தில் ஒரு மாடிக்குடியிருப்பின் நாலாம் மாடியில் ஏழு மாதங்கள் இருந்தோம்.

அப்பா ஏற்கெனவே ரொறன்ரோவில் இருந்தார். எங்களைக் கூப்பிடுவதற்கான கடதாசிகள் வந்துகொண்டிருக்கின்றன என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினார். ஆனால் மலேசியாவில் நிற்பதற்கான எங்கள் விசா அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பிடிபட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். வீடு இரத்தினம் அண்ணையின் பெயரில் இருந்தது. அங்கே வேலை செய்ய அனுமதி பெற்றவர் அவர் ஒருவர்தான். அந்த இரண்டு அறைகளில் அவரும், அம்மாவும் நானும், வெவ்வேறு நாடுகளுக்குப் போகக் காத்திருந்த ஐந்து இளைஞர்களும் இருந்தோம். வீட்டுக்காரருக்குச் சொல்லியிருந்தது இரண்டு பேர் என்று.

அந்தக் கட்டடத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் கலந்து இருந்தார்கள். சமையல் மணமும் சாமி கும்பிடும் விதமும் கதவுக்குக் கதவு மாறும். ஆனால் ஒரு பழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான்: செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் நீண்ட நடைவழியில் ஒருமுறை நடந்து போனாலே எந்த வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். செருப்பே இல்லாத வாசலும் ஒரு சந்தேகந்தான்.

“வெளியில ரெண்டு சோடிதான் கிடக்கோணும். மிச்சமெல்லாம் உள்ளுக்க. விளங்கிச்சோ பிள்ளை?” என்று இரத்தினம் அண்ணை அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார். யாரோடும் கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. வேலைக்குப் போனவர்கள் வந்து ஏற, ஒரு பழைய அரிசிச் சாக்கில் ஆறு சோடிகளைப் போட்டு உள்ளே இழுத்துக்கொள்வேன். ஐந்து பேரில் பகிடிக்காரரான சிறி அண்ணை ஒவ்வொரு நாளும், “எங்களுக்குத்தான் விசா இல்லையெண்டு பாத்தா, செருப்புக்கும் இல்லையாம்” என்பார்.

ஒருநாள் பின்னேரம் பெருமழை. எல்லோரும் தோய்ந்துபோய் வந்து சேர்ந்தார்கள். நான் சாக்கோடு போனபோது அம்மா மறித்தார். “உந்த ஈரத்தோட கொண்டு வராதை, இப்பதான் துடைச்சனான். கொஞ்சம் வடியட்டும்.” சரி என்று சாக்கைக் கதவடியில் வைத்துவிட்டு, அப்பாவின் கடைசிக் கடிதத்தோடு வந்த, பனி மூடிய வீதியின் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் செருப்பை மறந்தே போனேன்.

மழை விட்டபோது படிக்கட்டில் கனத்த சப்பாத்துகள் பல சேர்ந்து ஏறும் சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒருவரும் நடப்பதில்லை. “இமிகிரேசன்காரர் வந்திட்டாங்கள்,” என்றார் இரத்தினம் அண்ணை. அடுத்த நிமிடம் நாங்கள் ஏழு பேரும் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் மூச்சு மற்றவரின் கழுத்தில் படும்படி நின்றோம். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எட்டுச் சோடியும் வெளியில் கிடந்தன. சொல்ல வாயைத் திறந்தேன். நான் அழப்போகிறேன் என்று நினைத்து அம்மா என் வாயைப் பொத்தினார். நான் தலையை ஆட்ட ஆட்ட அவர் கை இன்னும் இறுகியது.

முன்கதவைத் தட்டினார்கள். இரத்தினம் அண்ணை திறந்தார். எத்தனை பேர் என்று கேட்டிருக்க வேண்டும், “டூ, சேர், டூ” என்றார். பிறகு ஒரு சப்பாத்து வாசலில் அரைபட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது. அதிகாரி குனிந்து வாசலைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவை இனிக் காணமாட்டேன் என்று அந்த நேரத்தில் நான் முடிவே செய்துவிட்டேன்.

சப்பாத்துச் சத்தம் அடுத்த கதவுக்குப் போனது. பிறகு மேல்மாடிக்கு ஏறி, வெகுநேரம் கழித்துக் கீழே இறங்கிப் போனது.

இரத்தினம் அண்ணை வந்து என் தலையைத் தடவி, “கெட்டிக்காரி! சரியா ரெண்டு சோடி மட்டும் விட்டிருக்கிறாய்,” என்றார்.

“நான் எடுக்கேல்லை,” என்றேன். முதலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. இரண்டாந்தரமும் சொல்லவேண்டி வந்தது.

கதவைத் திறந்து பார்த்தோம். எங்கள் வாசலில் இரத்தினம் அண்ணையின் சப்பாத்தும் இன்னொரு சோடியும். இடப்பக்கத்து மலாய் வீட்டின் வாசலில், நாங்கள் ‘மக்சிக்’ என்று கூப்பிடுகிற அன்ரியின் செருப்புக்குப் பக்கத்தில் அம்மாவுடையது, அவருடைய பிள்ளைகளின் சின்னச் செருப்புகளுக்கு நடுவில் என்னுடையது, ஓரமாக இன்னொன்று. வலப்பக்கத்தில், எங்களைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற சீனக் கிழவரின் வாசலில், சிவப்பு நிறச் சின்னச் சாமிமாடத்துக்குக் கீழே, மூன்று பெரிய சோடிகள் வரிசையாக நேராக வைக்கப்பட்டிருந்தன. ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது.

அம்மா தன் செருப்பை எடுக்கக் குனிந்தபோது மக்சிக் வெளியே வந்து, அம்மாவின் கையைப் பிடித்து, இருக்கட்டும் என்று சைகை காட்டினார். அம்மாவுக்கு அவருடைய மொழி தெரியாது. “நன்றி, நன்றி” என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொன்னார். சிறி அண்ணைதான் முதலில் சிரித்தவர். “என்ர செருப்புக்குச் சீனச் சாமி விசா குடுத்திட்டார் மச்சான்!” அப்படி ஒரு சிரிப்பை அந்த வீடு அதற்கு முன் கேட்டதில்லை.

அன்றிலிருந்து சாக்குக்கு வேலை இல்லாமல் போனது. இரண்டு எங்கள் வாசலில், மூன்று அங்கே, மூன்று இங்கே. கிழவர் அதற்குப் பிறகும் முகத்தைச் சுளித்தார். ஆனால் கோணலாக நின்ற செருப்புகளைத் தடியால் தட்டி நேராக்கிவிட்டுத்தான் உள்ளே போவார். மூன்று மாதம் கழித்து எங்கள் கடதாசிகள் வந்தன.

போன வருடம் மகளோடு அந்த நகரத்துக்குப் போனேன். கனடாக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தும் விமானநிலைய வரிசையில் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டேன். அதிகாரி முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் முத்திரை குத்தினார். கட்டடம் இருக்கிறது. மக்சிக்கின் வீட்டில் வேறு யாரோ. கிழவரின் சாமிமாடம் இருந்த இடத்தில் ஆணித்துளைகள் மட்டும். பல வீடுகளில் செருப்புக்கு மூடிபோட்ட அலுமாரி வந்துவிட்டது. கடைசி வாசலில் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்த வேலையாட்களின் செருப்புகள் பகல் வெளிச்சத்தில் பரந்து கிடந்தன.

“அம்மா, ஏன் ஆக்களின்ர ஷூஸைக் கவுண்ட் பண்ணுறீங்கள்? கிரீப்பியா இருக்கு,” என்றாள் மகள்.

ஒன்பது சோடி. ஒருவரும் அவசரமாக ஓடிவந்து அவற்றை உள்ளே இழுக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாகப் படியிறங்கினேன்.

இந்தக் கோடையில் அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளை ரொறன்ரோவில், வோபர்ன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் வைத்தோம். வந்தவர்கள் கழற்றிவிட்ட செருப்புகளும் சப்பாத்துகளும் வாசற்படியால் வழிந்து கார் நிற்கும் இடம்வரை போயிருந்தன. அம்மா வோக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவடியில் நின்றார்.

“உதென்ன பிள்ளை, முழுக்க வெளியில கிடக்கு?”

“கிடக்கட்டும் அம்மா.”

அம்மா வீதியை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். பிறகு, “ஓம், கிடக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார்.